ஒரு பெரிய பகா எண்ணை ஆராய்வது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பத்தாம் வகுப்பு முடித்த எவருக்கும் பகா எண் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் பத்து இலக்கமுள்ள ஓர் எண்ணைக் கொடுத்து, இது பகா எண்தானா, ஆம் என்றால் இதன் இயல்புகள் யாவை என்று கேட்டால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நல்ல மாணவர்களும் திகைத்து நிற்கிறார்கள். பாடநூலில் உள்ள மட்டு எண்கணிதம் மட்டும் தெரிந்திருந்தாலே இந்த வேலையை முழுமையாகச் செய்ய முடியும் என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நாம் ஆராயப்போகும் எண் 2,14,74,83,647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது 2³¹ − 1 என்ற வடிவத்தில் அமைந்தது. கூட்டல், கழித்தல் குறிக்கு ஒரு பிட்டை ஒதுக்கிவிட்டால், கணினியில் 32 பிட் அளவில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. பழைய கணினிகள் 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த அளவில்தான் எண்ணி வருகின்றன. ஆகவே அவற்றின் கடிகாரம் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07க்கு இந்த எண்ணைத் தொட்டு, அதற்கு மேல் எண்ண முடியாத நிலையை அடையும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஒரு பெரிய பகா எண்ணை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் இயல்பு வெளிப்படாது. அதற்குக் காரணிகள் இல்லை; பிரித்துப் பார்க்க அதற்குள் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒன்று குறைந்த எண்ணுக்குக் காரணிகள் உண்டு, பகா எண்ணின் குணங்கள் பெரும்பாலும் அந்தக் காரணிகளிலேயே அடங்கியிருக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே செல்கின்றன.

முதல் படி: எண்ணைச் சிதையாமல் வைத்துக்கொள்வது

கடைகளில் பயன்படுத்தும் 12 இலக்கக் கால்குலேட்டர் இந்த வேலைக்கு ஓரளவுக்கு மேல் உதவாது. நம் எண் பத்து இலக்கம்தான் என்றாலும், அதன் வர்க்கம் 19 இலக்கங்களுக்குப் போய்விடும். எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறாம் இலக்கத்திலிருந்து சுழியமாக மாற்றிவிட்டு, அப்படி மாற்றியதை நமக்குச் சொல்லாமலும் இருந்துவிடும். பகா எண் ஆராய்ச்சியில் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலும் அது வேறோர் எண் ஆகிவிடும் என்பதால், இந்தப் பிழையைக் கடைசிவரை கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம்.

எனவே பைத்தான் (Python) என்ற கணினி நிரல் மொழியைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன். கைப்பேசியிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம், எத்தனை இலக்கமானாலும் முழு எண்களை அது துல்லியமாகக் கையாளும். அதில் ‘பவ்’ (pow) என்ற கட்டளை ஒன்று உண்டு. அடிமானம், அடுக்கு, வகுக்கும் எண் ஆகிய மூன்றையும் அதே வரிசையில் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், அடுக்கை உயர்த்தி வகுத்து வரும் மீதியை உடனே தந்துவிடும். இந்த ஒரு கட்டளையை வைத்துக்கொண்டே இக்கட்டுரையில் உள்ள கணக்குகளில் பெரும்பாலானவற்றைச் சரிபார்த்துவிடலாம். லினக்ஸ் உள்ள கணினியாக இருந்தால் ‘ஃபேக்டர்’ (factor) என்ற கட்டளை காரணிகளையும் தரும். ஆனால் அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது; கையால் செய்ததைச் சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சிறிய காரணிகளைத் தேடுவது

கையைப் பழக்குவதற்கு நம் ஊர் எண்களே போதும். தருமபுரி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. இது ஒற்றை எண், 5இல் முடியவில்லை, இலக்கங்களின் கூடுதல் 23 என்பதால் 3ஆலும் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 2, 11ஆல் வகுத்தால் மீதி 10. பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கிறது. எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளியில் படித்த விதி. இங்கே வர்க்கமூலம் 797ஐச் சற்றே தாண்டுகிறது. 797 வரை 139 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் அத்தனை தூரம் போகத் தேவையில்லை. 13 மீதியின்றி வகுத்து 48977 என்ற ஈவைத் தருகிறது.

இந்த இடத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ஒரு காரணி கிடைத்தவுடன் எல்லை சுருங்கிவிடுகிறது. இனி 797 வரை போக வேண்டியதில்லை. 48977இன் வர்க்கமூலமான 221 வரை போதும். அடுத்து 17 வகுத்து 2881ஐத் தருகிறது, எல்லை 53 ஆகிறது. 43 வகுத்து 67ஐத் தர, வேலை முடிந்தது: 636701 = 13 × 17 × 43 × 67. கிருஷ்ணகிரியின் 635001ஐ இதே முறையில் செய்தால் 3 × 17 × 12451 என்று வரும். 12451 பகா எண்தான் என்பதை 109 வரை உள்ள பகா எண்களால் வகுத்து நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். பேப்பரும் பேனாவும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதுக்குள் செய்துவிடக்கூடிய நல்ல பயிற்சி அது.

பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போது வண்டி எண்களை வைத்தும் பழகலாம். தருமபுரி வண்டிகளின் 29 பகா எண். கிருஷ்ணகிரியின் 24, ஓசூரின் 70 இரண்டும் பகு எண்கள். அதன்பின் வரும் நான்கு இலக்க எண் எதுவானாலும் 100க்குள் உள்ள 25 பகா எண்களே அதை முடிவு செய்துவிடும். 9991 என்று ஒரு வண்டி கண்ணில் பட்டால் அவசரப்பட்டுப் பகா எண் என்று சொல்லிவிட வேண்டாம். அது 100இன் வர்க்கத்திலிருந்து 3இன் வர்க்கத்தைக் கழித்தது. ஆகவே 97 × 103.

இப்போது நம் பெரிய எண்ணுக்கு வருவோம். அதன் வர்க்கமூலம் 46340ஐ ஒட்டி வருகிறது. அதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருப்பதால், ஒவ்வொன்றாலும் வகுப்பது கைக்கு அடங்காத வேலை. 1772இல் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் இதே எண்ணை ஆராய்ந்தபோது கையால்தான் கணக்கிட்டார். அவர் வேலையைச் சுருக்கிய விதத்தை ஒவ்வொரு வரியாகப் புரிந்துகொள்வது இந்தத் துறைக்கு வரும் எவருக்கும் பெரிய முதலீடு.

நம் எண்ணுக்கு ஒரு பகா காரணி இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காரணியால் 2³¹ஐ வகுத்தால் மீதி 1 வரும். 31 தானே ஒரு பகா எண் என்பதால், 2இன் அடுக்குகளை வரிசையாக எழுதிக்கொண்டே போகும்போது மீதி 1 முதன்முதலாக வருவது 31ஆம் அடுக்கில்தான். அப்படியானால், மூன்றாம் படியில் வரும் ஃபெர்மாவின் தேற்றப்படி, காரணிக்கு ஒன்று குறைந்த எண்ணை 31 வகுத்தே ஆக வேண்டும். காரணி ஒற்றை எண் என்பதால், 62இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாக மட்டுமே அது இருக்க முடியும். இதோடு நிற்கவில்லை. 2³¹இன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி 2. அதாவது 2¹⁶ என்ற எண்ணின் வர்க்கம் 2ஐ மீதியாகத் தருகிறது. ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக 2 வர வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 என்றுதான் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், காரணியானது 248இன் மடங்கோடு 1ஐக் கூட்டியதாகவோ 63ஐக் கூட்டியதாகவோ மட்டுமே இருக்கலாம் என்று முடிகிறது.

46340க்குள் இந்த இரண்டு வகையிலும் சேர்த்து, 1ஐயும் 63ஐயும் நீக்கிவிட்டால், 372 எண்களே உள்ளன. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். ஆய்லர் மிஞ்சியவற்றால் வகுத்துப் பார்த்தார், ஒன்றும் வகுக்கவில்லை, எனவே 2,14,74,83,647 பகா எண் என்று கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். காரணிக்கு ஒன்று குறைந்த எண்ணை ஆராய்ந்ததாலேயே இந்த வேலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: ஃபெர்மா சோதனை, அதன் ஓட்டை, அதை அடைக்கும் வழி

எல்லா எண்ணுக்கும் ஆய்லரின் வழி கிடைக்காது. பொதுவான வழி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து தொடங்குகிறது. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும், அதைப் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்திப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும்.

தருமபுரியின் 29ஐ வைத்தே பார்ப்போம். 2இன் 28ஆம் அடுக்கு வேண்டும். 28 முறை பெருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 2இன் இரண்டாம் அடுக்கு 4, நான்காம் அடுக்கு 16. எட்டாம் அடுக்கு 256, அதன் மீதி 24. பதினாறாம் அடுக்கு 24இன் வர்க்கமான 576, அதன் மீதி 25. 28 என்பது 16 + 8 + 4 என்பதால், 25ஐ 24ஆல் பெருக்க 600, மீதி 20; அதை 16ஆல் பெருக்க 320, மீதி 1. தேற்றம் சொன்னபடியே வந்துவிட்டது. இந்த வர்க்கப்படுத்தும் முறையே பெரிய எண்களைக் கைக்குள் கொண்டுவரும் ஒரே வழி. நம் பத்து இலக்க எண்ணுக்குக்கூட முப்பது வர்க்கங்களும் முப்பதுக்கு மேற்படாத பெருக்கல்களும் போதும்.

மீதி 1 வராவிட்டால் அந்த எண் நிச்சயமாகப் பகு எண். ஆனால் 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 2¹¹ − 1 ஆகிய 2047ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 23 × 89. இருந்தும் 2ஐ 2046ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வருகிறது. ஏனெனில் 2இன் 11ஆம் அடுக்கு ஏற்கனவே 1ஐத் தருகிறது, 11 என்பது 2046ஐ வகுக்கிறது. பகா எண்ணை அடுக்காகக் கொண்டு 2இன் அடுக்குக்கு ஒன்று குறைவாக அமைந்த எல்லா எண்களும் இப்படி 2இன் சோதனையில் தேறிவிடும். ஆகையால் இவ்வகை எண்களை 2ஐக் கொண்டு சோதிப்பது பயனற்ற வேலை. 3ஐக் கொண்டு சோதித்தால் 2047க்கு மீதி 1013 வந்து அது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது.

இதைவிடக் கடினமான எண் 1729. இராமானுஜன் இரண்டு விதங்களில் இரு கனங்களின் கூட்டலாக எழுதிக் காட்டிய அதே எண். 7 × 13 × 19 என்று பிரியும் இந்த எண், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு ஃபெர்மா சோதனை செய்தாலும் மீதி 1ஐயே தரும். காரணம், 1728ஐ அந்தக் காரணிகளுக்கு ஒன்று குறைந்த 6, 12, 18 ஆகிய மூன்றும் மீதியின்றி வகுக்கின்றன. இங்கும் ஒன்று குறைந்த எண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இத்தகைய எண்கள் முடிவின்றி உள்ளன என்று 1994இல் நிறுவப்பட்டுவிட்டது. எனவே இது அரிதான விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓட்டையை அடைப்பதற்கு மில்லர், ராபின் இருவரின் பெயரால் வழங்கும் சோதனை உதவுகிறது. பகா எண்ணால் வகுக்கும்போது, எந்த எண்ணின் வர்க்கம் 1ஐ மீதியாகத் தந்தாலும் அந்த எண்ணின் மீதி 1 ஆகவோ, பகா எண்ணுக்கு ஒன்று குறைந்ததாகவோ மட்டுமே இருக்கும் என்ற எளிய உண்மையின் மேல் அது நிற்கிறது. 1728ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் ஆறு முறைக்குப் பின் 27 மிஞ்சுகிறது. 2இன் 27ஆம் அடுக்கை 1729ஆல் வகுக்க மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் 416025, மீதி 1065. மீண்டும் வர்க்கப்படுத்தினால் 1134225, மீதி 1. இப்போது பாருங்கள்: 1065 என்பது 1உம் அல்ல, 1728உம் அல்ல, ஆனால் அதன் வர்க்கம் 1ஐத் தருகிறது. பகா எண்ணில் நடக்கவே முடியாதது நடந்துவிட்டது, எனவே 1729 பகு எண். அதோடு, 1065இலிருந்து 1ஐக் கழித்து வரும் 1064க்கும் 1729க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 133 கிடைக்கிறது. 1729 = 13 × 133. சோதனையில் தோற்ற விதமே காரணியையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

321 கோடியே 50 லட்சத்து 31 ஆயிரத்து 751க்குக் குறைந்த எந்த எண்ணானாலும், 2, 3, 5, 7 ஆகிய நான்கைக் கொண்டும் இச்சோதனையில் தேறினால் அது பகா எண்ணே. இது முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட முடிவு. நம் எண் இந்த எல்லைக்குள் வருகிறது. அதற்கு ஒன்று குறைந்த எண்ணை ஒரே ஒரு முறைதான் இரண்டால் வகுக்க முடியும் என்பதால், ஒவ்வொரு அடிமானத்துக்கும் 1,07,37,41,823 என்ற அடுக்கில் ஒரு மீதியைக் கண்டால் போதும். 2க்கு மீதி 1 வரும். 3, 5, 7 ஆகிய மூன்றுக்கும் மீதி 2,14,74,83,646 வரும். பைத்தானில் போட்டுப் பார்க்கும்போது வேறு விடை வந்தால், எண்ணை உள்ளிட்டதில் ஓர் இலக்கம் தவறியிருக்கிறது என்று பொருள்.

நான்காம் படி: ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம்

மிகப் பெரிய எண்களுக்கு மேற்சொன்ன சோதனை ‘பெரும்பாலும் பகா எண்’ என்ற அளவிலேயே நிற்கும். வங்கிச் செயலிகளின் பாதுகாப்புக்குப் பயன்படும் சுமார் 309 இலக்கப் பகா எண்களுக்கு நடைமுறையில் அதுவே போதும். ஆனால் கணிதத்தில் நிரூபணம் வேண்டும்.

ஒன்று குறைந்த எண்ணை முழுமையாகக் காரணிப்படுத்த முடிந்தால் நிரூபணம் எளிது. நம் எண்ணில் அது 2³¹ − 2, அதாவது 2 × (2³⁰ − 1). இதை (2¹⁵ − 1) × (2¹⁵ + 1) என்று பிரித்தால் 32767, 32769 என்ற இரண்டு சிறிய எண்களாகிவிடுகிறது. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 3 × 3 × 11 × 331. ஆகவே பகா காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331 என்று ஏழு. இப்போது 7 என்ற அடிமானத்தை எடுத்து, முழு அடுக்கான 2,14,74,83,646க்கு உயர்த்தினால் மீதி 1 வருகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த அடுக்கை மேற்கண்ட ஏழு காரணிகளில் ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுத்துக் கிடைக்கும் ஏழு அடுக்குகளிலும் மீதி 1 வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நிறைவேறினால் எண் பகா எண் என்பது முழுமையாக நிரூபிக்கப்பட்டுவிடுகிறது. மொத்தம் எட்டுக் கட்டளைகள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்ட் லூக்கா தந்த வழி இது; புதியவர்கள் தாங்களே ஒரு நிரூபணத்தைச் செய்து முடித்த நிறைவை இது போல் வேறெதுவும் தராது என்பது என் கருத்து.

2இன் அடுக்குக்கு ஒன்று குறைந்த எண்களுக்கு லூக்காவும் பின்னர் லெமரும் செம்மைப்படுத்திய இன்னும் நேரடியான சோதனை உண்டு. 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதை அடுக்குக்கு இரண்டு குறைந்த தடவைகள் செய்த பின் மீதி சுழியம் என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 2⁷ − 1 ஆகிய 127க்கு ஐந்து தடவைகள்: 4இலிருந்து 14, பின்பு 67, 42, 111, கடைசியில் 111இன் வர்க்கத்தில் 2 குறைய 12319, அது 127 × 97, மீதி 0. இதையே 2047க்கு ஒன்பது தடவைகள் செய்தால் 1736 மிஞ்சுகிறது. ஆகவே அது பகு எண்.

1876இல் லூக்கா தம் முறையால் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1ஐப் பகா எண் என்று காட்டினார். இயந்திரம் எதுவுமின்றி நிரூபிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண் இன்றும் அதுதான். அதே ஆண்டில் அவர் 2⁶⁷ − 1 பகு எண் என்றும் காட்டினார். ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல், 19,37,07,721 என்ற எண்ணையும் 7,61,83,82,57,287 என்ற எண்ணையும் பெருக்கி அந்த 21 இலக்க எண் வருவதைக் காட்டினார். பகு எண் என்று அறிவதும் காரணிகளை அறிவதும் வேறு வேறு வேலைகள் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்த எண்ணையும் ஐயமின்றியும், இலக்க எண்ணிக்கையைப் பொறுத்து நியாயமான நேரத்திலும் சோதிக்கும் பொது முறையை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் தந்தார்கள். அவர்களில் இருவர் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தவர்கள் என்பதை என் மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

ஐந்தாம் படி: பகா எண்ணின் குறிப்பேடு

பகா எண் என்று உறுதியான பின்னரே உண்மையான ஆராய்ச்சி தொடங்குகிறது. ஒரு நோட்டில் கீழ்வருவனவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

4ஆல் வகுக்க மீதி என்ன என்று பாருங்கள். மீதி 1 உள்ள பகா எண்கள் எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அமையும்; 29 என்பது 25 + 4. நம் எண்ணுக்கு மீதி 3. எனவே எத்தனை தேடினாலும் இரண்டு வர்க்கங்களைக் கூட்டி அதைப் பெற முடியாது.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு குறைந்த எண் 5இல் முடிகிறது, இரண்டு கூடிய எண் 3ஆல் வகுபடுகிறது. ஆகவே இதற்கு இரட்டைப் பகா எண் இல்லை. இதற்கு முன்னுள்ள பகா எண் 18 தள்ளியும், அடுத்த பகா எண் 12 தள்ளியும் இருக்கின்றன. இந்த அளவில் அடுத்தடுத்த பகா எண்களுக்கு இடையே சராசரியாக 21 அல்லது 22 இடைவெளி எதிர்பார்க்கலாம். 309 இலக்கங்களுக்குப் போனால் அது ஏறத்தாழ 700 ஆகும். அங்கேயும் ஒற்றை எண்களை மட்டும் சோதித்தால் சராசரியாக 350 அளவில் முயன்றாலே ஒரு பகா எண் அகப்பட்டுவிடும் என்பதால்தான் வங்கிச் செயலிகளால் நொடிப்பொழுதில் புதிய பகா எண்களை உண்டாக்க முடிகிறது.

ஒன்று குறைந்த எண்ணின் பாதியும் பகா எண்ணா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது ரகசியக் குறியீட்டுக்கு உகந்த, பாதுகாப்பான பகா எண் எனப்படும். நம் எண்ணில் பாதி 3ஆலேயே வகுபட்டுவிடுகிறது. இந்த எண்ணை யாரும் பூட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள் எல்லாம் 331க்குள் அடங்கிவிடுவது நிரூபணத்துக்கு வசதி. ரகசியத்துக்கு அதுவே பலவீனம்.

அடுத்து, எல்லா மீதிகளையும் தன் அடுக்குகளால் உண்டாக்கக்கூடிய சிறிய எண் எது என்று தேடுங்கள். நம் எண்ணுக்கு அது 7. நான்காம் படியில் 7ஐ எடுத்ததற்குக் காரணமும் இதுவே. 7ஐ அடுக்கிக்கொண்டே போனால் 1 முதல் 2,14,74,83,646 வரையிலான ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை, கலைந்த வரிசையில் வந்துசேரும். 2ஐ அடுக்கினாலோ 31 எண்களே வந்து திரும்பத் திரும்பச் சுழலும். இந்தக் கலைந்த வரிசையைக் கணினிகள் தற்செயல் எண்களாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் 7இன் ஐந்தாம் அடுக்கான 16807ஐ ஒவ்வொரு முறையும் பெருக்கி, 2,14,74,83,647ஆல் மீதி எடுக்கும் முறையைப் பொதுத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். ஏழின் அடுக்குகளில் ஏன் ஐந்தாவதை எடுக்கலாம் என்று கேட்டால், ஒன்று குறைந்த எண்ணின் ஏழு காரணிகளில் 5 இல்லை என்பதே விடை. மூன்றாம் அடுக்கை எடுத்திருந்தால் 3 அந்தப் பட்டியலில் இருப்பதால் வரிசை மூன்றில் ஒரு பங்கோடு நின்றுபோயிருக்கும்.

நிறை எண்ணோடு உள்ள உறவையும் எழுதிக்கொள்ளுங்கள். 2³⁰ஐ நம் எண்ணால் பெருக்கினால் தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான எட்டாவது நிறை எண் கிடைக்கும். இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறை எண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்து தெரிந்த செய்தி.

இதற்கு மேல் போக விரும்புவோருக்கு

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் உள்ளன. அதை முழுதாக எழுதாமலே சில செய்திகளை நீங்கள் கண்டுகொள்ளலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கில் சுழல்கிறது. அடுக்கை 4ஆல் வகுக்க மீதி 1, எனவே கடைசி இலக்கம் 2இல் ஒன்று குறைந்து 1. இலக்க எண்ணிக்கைக்கு அடுக்கை 2இன் மடக்கையால் பெருக்கி, தசமப் பகுதியை நீக்கி 1 கூட்ட வேண்டும். பள்ளியில் பழகிய 0.30103ஐப் பயன்படுத்தினால் ஓர் இலக்கம் கூடுதலாக வந்துவிடும், 0.3010299957 என்று பத்துத் தசம இடங்கள் வரை எடுத்தால் சரியான விடை கிடைக்கும்.

இந்தத் தேடலில் நீங்களும் சேரலாம். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டு முயற்சியின் ‘பிரைம்95’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவினால் இன்னும் சோதிக்கப்படாத ஓர் அடுக்கை உங்கள் பெயரில் ஒதுக்கித் தருவார்கள். ஒரு சோதனை முடியச் சாதாரணக் கணினிக்குப் பல நாட்கள் ஆகும். மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். ஆனால் கணினி முழுத் திறனில் ஓடிச் சூடேறும் என்பதால், மடிக்கணினியைத் தவிர்த்து, காற்றோட்டமான இடத்தில் உள்ள மேசைக் கணினியில் ஓட்டுவதே நல்லது. புதிய பகா எண் கிடைத்தால் 3000 டாலர் பரிசு உண்டு. பத்துக் கோடி இலக்கங்களைக் கொண்ட முதல் பகா எண்ணுக்கென அறிவிக்கப்பட்ட 1,50,000 டாலர் பரிசை இதுவரை யாரும் பெறவில்லை.